மருந்தடித்தவர் வரைந்த பூச்சிகள்

கஜேந்திரன் மருந்தடிக்கப் போனபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் ஐந்தாறு வருஷம் சாமான் தூக்கினார். தகப்பனுக்கு முடியாமல் போனதும் ஊர் திரும்பினார். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“முதுகு நல்லா இருக்கு. டேங்கி தூக்குவியா?”

“தூக்குவேங்க.”

அன்று முதுகில் ஏறிய மருந்து டேங்கி இருபது வருஷம் இறங்கவில்லை. களைக்கு ஒரு மருந்து, இலையில் வரும் கொப்புள நோய்க்கு ஒரு மருந்து, புழுவுக்கு ஒரு மருந்து. காற்று எழும்புவதற்கு முன் அடித்து முடிக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் வேலை ஓய்ந்துவிடும் என்பதால் மற்ற ஆண்களுக்குக் கொஞ்சம் பொறாமை. ஆனால் கேட்டால் யாரும் வர மாட்டார்கள்.

அவருக்குக் கையெழுத்து நன்றாக வரும். தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர் உண்டு. மலை தொடங்கும் இடத்தில் ஒரு கல்லுக்கு வெள்ளையடித்து அதில் நம்பரை எழுதியிருப்பார்கள். மழையில் அழிந்துபோன நம்பர்களைத் திரும்ப எழுதும் வேலையும் அவருக்கே வந்தது. ஒரு வருஷம் அம்மன் திருவிழாவுக்குப் பெரிய துணியில் சிங்கம் வரைந்து கொடுத்தார். அதற்கு நாய் முகம் வந்துவிட்டது என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். “நான் எங்க சிங்கத்தக் கண்டேன்? நாயத்தான் கண்டிருக்கேன்” என்பார். கண்ணால் பார்த்ததைத்தான் அவரால் வரைய முடியும்.

மருந்தடிப்பவர் கண்ணுக்கு மட்டும் படும் சில காட்சிகள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் மேல்தட்டைப் பார்க்கிறவர்கள். கஜேந்திரன் குழாயை உள்ளே விட்டு, இலைகளின் அடிப்பக்கத்தையும் தண்டையும் நனைக்க வேண்டும். பகல் முழுக்க அங்கே உறங்கும் அந்துப்பூச்சிகள் மருந்து பட்டதும் விழித்துக்கொள்ளும். கொஞ்சம் பறக்கும். பிறகு செடியின் அடியில், காய்ந்த சருகின் மேல், மல்லாந்து விழும். லயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: வௌக்குப்பூச்சி. விளக்குக்கு வருகிற தவிட்டு நிறப் பூச்சி, அவ்வளவே. சாகும்போது அவை சிறகை விரித்து வைத்துக்கொண்டு சாவதால், அவை ஒவ்வொன்றும் வேறு வேறு என்பது கஜேந்திரனுக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயம் என்று நினைக்கவும் இல்லை.

2007இல் அவருக்குக் கல்யாணமானது. பெண் துஷாந்தினி, அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவைச் சேர்ந்தவள். மெலிந்த உடம்பு, விறுவிறுவென்று ஓடும் கை. நல்ல கொழுந்துக் காலத்தில் அவள் நிரையில் வேறு யாரும் அவளை முந்தியதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் பிள்ளையில்லை. நாலாவது வருஷம் கரு தங்கியது.

நடந்தது இதுதான். 2011 மாசி மாதம் பதினோராம் நம்பர் மலையில் சுணைப்புழு விழுந்தது. வெளிர்பச்சையாய், தட்டையாய், ஓரமெல்லாம் முள்மயிர் வைத்த புழு. கையில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல எரியும். வெயில் காலத்தில் ஊவாப் பக்கத்துத் தோட்டங்களில் அது பெருகும். கஜேந்திரனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வியாழக்கிழமை அந்த மலை முழுக்க மருந்தடித்தார்கள். ஒரு வாரத்துக்கு யாரும் இறங்கக் கூடாது. ஆனால் அந்த வாரம் கொழுந்து குறைவு. பதினோராம் நம்பரில் மட்டும் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. நாலாம் நாள், திங்கட்கிழமை, கணக்கப்பிள்ளை பெண்களை அங்கே இறக்கிவிட்டார். துஷாந்தினிக்கு அப்போது ஆறு மாதம் முடிந்து ஏழு நடந்தது. இடுப்பில் சுற்றும் சாக்குத்துணிப் படங்கைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

அன்று கஜேந்திரனுக்கு அடுத்த பிரிவில் வேலை. மாலை லயத்துக்கு வந்தபோது அவள் கைகழுவிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு எந்த மலை?” என்று கேட்டார்.

“பதினொன்னு.”

நாளைக்கு இறங்காதே என்று சொல்ல வாயெடுத்தார். மறுநாள் அந்த மலையில் வேலை இல்லை என்று அவளே சொன்னாள். சரி, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம் பிள்ளையின் அசைவு நின்றது. பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை இறந்து பிறந்தது. யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் ஒருவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: “பிரஷர் கூடிப்போச்சு. இரத்தமும் குறைவு. இதுதான் காரணம் எண்டு ஒண்டைச் சொல்லேலாது. நீங்கள் ஏதாவது கேக்கோணுமா?”

கேட்க ஒன்று இருந்தது. மருந்தடித்த மலையில் நாலாம் நாள் வேலை செய்தால் இப்படி ஆகுமா என்று கேட்டிருக்கலாம். துஷாந்தினி ஐந்தடி தூரத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். “ஒன்னுமில்லைங்க” என்றார்.

அதன் பிறகும் பத்து வருஷம் அவர் மருந்தடித்தார். இதைக் கேட்பவர்களுக்கு ஆத்திரம் வரும். அவரிடமே ஒருமுறை கேட்டதற்கு, “நிறுத்தினா ஏன்னு கேப்பாங்கல்ல” என்றார். விட்டுவிட்டால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும். தொடர்ந்து அடித்தால் எதுவும் நடக்காததுபோல இருக்கும். வேறு பிள்ளை பிறக்கவில்லை. இருவரும் சண்டை போட்டதில்லை. பதினோராம் நம்பர் கல்லில் எண் அழிந்தபோதெல்லாம் அவரே போய் எழுதினார்.

2021இல் அரசாங்கத் தடையால் உரமும் மருந்தும் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிற்று. எல்லோருக்கும் அது கெட்ட காலம். செடி மஞ்சளாயிற்று, கொழுந்து பாதியானது, பெண்களுக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழுந்தது. டேங்கிகள் ஸ்டோரில் தூசி படிந்து கிடந்தன. கஜேந்திரனைத் தேயிலை நாற்று வளர்க்கும் தவறணைக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் வலது கைப் பெருவிரலில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. வயதாலா, மருந்தாலா என்று தெரியவில்லை. நாற்றுப் பைக்கு மண் நிரப்பவும் தண்ணீர் ஊற்றவும் அது தடையாக இல்லை.

அந்த வருஷம் பூச்சிகள் திரும்பி வந்தன.

தவறணைக்கு மேலே வெயில் தாங்கக் கறுப்பு வலை கட்டியிருப்பார்கள். காலையில் அவர் போகும்போது வலையின் உட்புறத்தில் அந்துப்பூச்சிகள் ஒட்டியிருக்கும். முதலில் ஐந்தாறு. ஆவணி வாக்கில் எண்ண முடியாத அளவு. இருபது வருஷமாகச் செத்துக் கிடக்கப் பார்த்தவற்றை அவர் முதல்தடவையாக உயிரோடு, அசையாமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று காய்ந்த தேயிலையைச் சுருட்டி வைத்ததுபோல இருக்கும். ஒன்றின் முதுகில் மேசையைத் துடைத்துவிட்டதுபோல வெள்ளைப் பட்டை. ஒரு நாள் வேலியோரக் கொய்யாவில், இரண்டு உள்ளங்கை விரித்த அகலத்தில், செங்காவி நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. சிறகின் நடுவே கண்ணாடி வைத்ததுபோல ஒளி ஊடுருவும் இடங்கள். சிறகு நுனி பாம்பு தலையைத் திருப்பியதுபோல வளைந்திருந்தது. வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் பயந்து ஒதுங்கினார்கள். அவர் நாற்றுப் பை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பேரேட்டுப் பென்சிலால் அதை வரைந்தார். சிங்கம்போல இல்லாமல், அது அதுவாகவே வந்திருந்தது. மறுநாள் இன்னொன்று. அடுத்த பங்குனிக்குள் அவரிடம் எழுபது அட்டைகள் இருந்தன.

மருந்து திரும்பி வந்ததும் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். பழைய கணக்கப்பிள்ளை ஓய்வுபெற்றுப் போய், கிருஷ்ணராஜ் என்று ஒரு புதியவர் வந்திருந்தார்.

“கஜேந்திரன் அண்ணே, நாளையில இருந்து நீங்க பழைய வேலைக்கே வந்துருங்க. உங்களப்போல யாருக்கும் அளவு தெரியல.”

“எனக்கு வேண்டாங்க.”

“ஏன், கையா?”

“கையும்தான்.”

கிருஷ்ணராஜ் பேரேட்டில் அவர் பெயரைத் தவறணைக்கே எழுதிக்கொண்டார். பத்து வருஷம் கஷ்டமாக நினைத்திருந்த ஒன்று அரை நிமிஷத்தில் முடிந்துபோனது கஜேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு லேசாகவா இருந்தது என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

அந்த வருஷ நடுவில் பதுளை விவசாய அலுவலகத்திலிருந்து கேசினி வந்தார். விவசாயப் போதனாசிரியர், முப்பது வயது, சொந்த ஊர் பருத்தித்துறை. சுணைப்புழு பற்றித் தோட்டத்துப் பெண்களுக்குப் பாடம் நடத்தத் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். தவறணையில் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அட்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும்போது அவருடைய கண்ணாடிக் கோப்பையில் தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று.

“இதுகளை ஆர் கீறினது?”

“சும்மா, நான்தாங்க மிஸ்.”

“அண்ணை, இந்தா, இது சுணைப்புழுவின்ர அந்துப்பூச்சி. உங்களுக்குத் தெரியுமோ?”

நகத்தளவில் மொத்தையாய், தவிட்டு நிறத்தில், பார்க்க எந்த அழகும் இல்லாத பூச்சி அது. கஜேந்திரனுக்குத் தெரியாது. பெண்கள் வெறுக்கும் அந்தப் புழு எதுவாக மாறுகிறது என்று அவர் யோசித்ததே இல்லை. விதைபோல உருண்டையான கூட்டுக்குள் அது உறங்கும் என்றும், கொய்யாவில் கண்ட பெரிய பூச்சிக்கு வாயே கிடையாது, சாப்பிடாமல் சில நாட்கள் இருந்துவிட்டுச் செத்துப்போகும் என்றும் கேசினி சொன்னார். வாய் இல்லாத பூச்சியைப் பற்றி அவர் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே கேசினி திரும்பி வந்தார். பதுளையில் பயிற்சி நடக்கும் மண்டபத்துக்கு ஒரு பெரிய படம் வேண்டும். தேயிலைச் செடியும், அதில் வாழும் அந்துப்பூச்சிகளும். எது செடியைத் தின்னும், எது ஒன்றும் செய்யாது என்று பெண்கள் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். போட்டோவில் எல்லாம் ஒரே தவிடாகத் தெரிகிறது. “நீங்கள் கீறினால் வித்தியாசம் விளங்கும்” என்றார்.

வர்ணம் வாங்கப் பதுளைக் கடைத்தெருவுக்குப் போனார்கள். றவூப் கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நீர்வர்ணமும் தடித்த பிரஷ்களும்தான் இருந்தன. நாலடி நீளத்துக்கு மூன்றடி அகலத்தில் ஒரு ஹார்ட்போர்டை றவூபே வெட்டித் தேய்த்து, வெள்ளைப் பூச்சுப் போட்டுக் கொடுத்தார். “இந்தப் பிரஷ்ஷால பூச்சிட மயிரக் கீறலாமா?” என்று சந்தேகமாகக் கேட்டார். கஜேந்திரன் அங்கேயே பிளேடு வாங்கி, பிரஷ்ஷின் மயிரைச் சுற்றிவரக் கழித்து நாலைந்து இழைகளை மட்டும் விட்டுக் காட்டினார். றவூப் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று பிரஷ்களை எடுத்துக் கையில் வைத்தார்.

படம் வளர்ந்தது லயத்து இஸ்தோப்பில், வீட்டின் முன்திண்ணையில். இரண்டு முக்காலிகளுக்கு மேல் போர்டைச் சாய்த்து வைத்து, குறுக்கே ஒரு மரச்சட்டம் போட்டு, நடுங்கும் கையின் மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொள்வார். மூச்சை வெளியே விடும் நேரத்தில் பெருவிரல் கொஞ்சம் அடங்கும் என்று கண்டுபிடித்திருந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு கோடு. ஒரு பூச்சியின் உணர்கொம்பு, பறவை இறகுபோலக் கிளை பிரிவது, அதற்கே ஒரு மாலை போய்விடும்.

இலைகள்தான் சரியாக வரவில்லை. இரண்டு வாரம் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோன துஷாந்தினி, ஒரு நாள் நின்றாள்.

“கொழுந்து இப்படி நிக்காது.”

“வேற எப்படி?”

“ரெண்டு எலையும் மொட்டும் நிமிந்து நிக்கும். மூணாவது எல கொஞ்சம் கீழ சாயும். அது சாஞ்சாத்தான் வெரல் உள்ள போகும். நீங்க வரஞ்சிருக்கிற செடியில என்னால கொழுந்து எடுக்க முடியாது.”

மறுநாள் படங்குக்குள் நாலு கிளையை முடிந்துகொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள். அதன் பிறகு அது பழக்கமாயிற்று. வேலை முடிந்து வரும்போது கிளை கொண்டுவருவாள். அவர் பென்சிலால் வரைவார். அவள் தேத்தண்ணீரோடு பக்கத்தில் உட்கார்ந்து, இது இளசு, இது மொட்டு வளராமல் வங்கு விழுந்த முத்தல், இதில் நரம்பு இவ்வளவு எழும்பாது என்பாள். வெறும் விரலால் அறிந்ததையெல்லாம் வாயால் சொல்லத் தேடினாள். சில நாட்களில் தேடிக் கிடைக்காமல் அவர் கையைப் பிடித்து இலையின்மேல் வைத்துவிடுவாள். பல வருஷமாக அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

மூன்றாவது மாதம் படம் ஏறக்குறைய முடிந்திருந்தது. இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து ஒரு தேயிலைக் கவாத்துத் தண்டு எழுந்து கிளை பிரிந்து போர்டு முழுக்கப் பரவியிருந்தது. அதன் இலைகளுக்கிடையே இருபத்தாறு அந்துப்பூச்சிகள். சில மேலே, சில இலையின் அடியில் பாதி மறைந்து. சிவப்புப் புழுவிலிருந்து வருவதும், பகலிலேயே பறப்பதும், எல்லோரும் பட்டாம்பூச்சி என்று நம்புவதுமான கறுப்பு நிறப் பூச்சி ஒன்று. குச்சிகளைக் கட்டி வீடாக்கிச் சுமந்து திரியும் புழு ஒன்று. நடுவில், எல்லாக் கண்ணும் முதலில் போய் விழும் இடத்தில், கொய்யாவில் கண்ட பெரியதை வைக்காமல் சுணைப்புழுவின் அந்தத் தவிட்டுப் பூச்சியை வைத்திருந்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செடியின் அடியில் இருந்த வெறும் இடத்தில் சருகை வரைந்து, சருகின்மேல் இறந்த பூச்சிகளை வரையத் தொடங்கினார். மேலே இருக்கும் அதே இனங்கள், மல்லாந்து, கால்களை மடக்கிக்கொண்டு.

அன்று மத்தியானம் கேசினி பார்க்க வந்திருந்தார். மேலே பார்த்து மகிழ்ந்த முகம் கீழே வந்ததும் மாறியது.

“அண்ணை, கீழ கிடக்கிறதுகள் வேண்டாமே. ஆக்கள் என்னண்டு கேப்பினம்.”

“கேக்கட்டுங்க மிஸ்.”

“பாடத்துக்கு அது தேவையில்லை எண்டு சொல்லுறன்.”

“இல்லைங்க. அது இல்லாம அந்த மலைய வரைய முடியாது.”

கேசினிக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. இஸ்தோப்புத் தகரத்தில் சத்தம் அதிகமாக இருந்ததால், துஷாந்தினி பக்கத்தில் வந்து நின்றுதான் கேட்டாள்.

“எந்த மலைய?”

அவர் பிரஷ்ஷைக் கழுவினார். கழுவிய பிரஷ்ஷையே திரும்பக் கழுவினார்.

“பதினொன்னு” என்றார். “வியாழக்கெழம நாங்க அடிச்சோம். திங்கக்கெழம ஒன்ன எறக்கிட்டாங்க. நீ வந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும். நான் வாயத் தொறக்கல. டாக்டர் கேட்டப்பவும் தொறக்கல, புள்ள.”

சாரல் படாமல் அவள் போர்டைச் சுவர்ப்பக்கம் நகர்த்தினாள்.

“எனக்கும் தெரியும்” என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

“மலையில எறங்கும்போதே நாத்தம் அடிச்சிச்சு. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். ராசம்மா அக்கா என்னப் பாத்துச்சு. நீ போயிரு, வயித்து வலின்னு சொல்லிட்டுப் போயிருன்னுச்சு. அன்னிக்குக் கொழுந்து நல்லா இருந்திச்சு. எறங்கிட்டேன். தெரிஞ்சுதான் எறங்குனேன்.” அவளுடைய குரல் உயரவில்லை. “நீங்க அடிச்ச மருந்துன்னும் தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொன்னா நானும் சொல்லிரலாம்னு இருந்தேன். பதினொரு வருஷம் போயிருச்சு.”

அவர் அழுதார். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் அழவில்லை, உள்ளே போய் இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து, ராசம்மாவின் லயத்துக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போனதாக அவர் நினைக்கவில்லை. ஆனால் வருவாள் என்றும் நினைக்கவில்லை.

ராசம்மா அவளை விட மூத்தவர், விதவை, லயத்தின் ஓர் அறைக் காம்பராவில் தனியாக இருப்பவர். எத்தனை நாள் இருக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. துஷாந்தினி அங்கிருந்தே வேலைக்குப் போனாள். இரண்டாவதோ மூன்றாவதோ நாள், கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது, நிரையில் நின்றபடியே அழுதாள், கை நிற்கவில்லை. பக்கத்து நிரைப் பெண்கள் அவளுக்குச் சரியாகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் மாலை அவள் வந்தாள். கையில் கிளை இல்லை. போர்டுக்கு முன் குந்தி, கீழ்ப்பகுதியை வெகுநேரம் பார்த்தாள். அவர் அதைத் தொடாமல் அப்படியே விட்டிருந்தார்.

“சருகு சரியில்ல” என்றாள். “தேயிலச் சருகு இவ்வளவு சிவப்பா இருக்காது. கறுத்துத்தான் இருக்கும். மருந்தடிச்ச மலையில எல காயாமலேயே விழும், பச்சையா.”

“அப்ப பச்சையா போடவா?”

“பச்சையா போடுங்க. பூச்சி அதுமேலதான் கெடக்கும்.”

கீழே விழுந்த பச்சை இலைகளை அவள் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். அந்த வேலை இன்னும் ஒரு மாதம் எடுத்தது. பேச வேண்டியதை அவர்கள் அந்த மாதத்தில் பேசியிருக்கலாம். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் தோட்டத்து இடுகாட்டுக்குப் போய், குழந்தையைப் புதைத்த இடத்தில் மண்டியிருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு வந்ததை லயத்தார் கண்டார்கள்.

படத்தை எடுத்துப்போக வந்த கேசினியிடம் துஷாந்தினிதான் சொன்னாள். நிறையச் சொல்லவில்லை. “மருந்தடிச்ச மலையில இப்படித்தாங்க மிஸ் கெடக்கும். எங்களுக்கு இதுதான் அடையாளம். இதக் கண்டா எறங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுங்க.” கேசினி அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போர்டின் மறுபக்கத்தைத் தான் பிடித்து, வேனுக்குத் தூக்க உதவினார். பயிற்சிக்கு வரும் பெண்களிடம் அவர் இப்போது பாடத்தைப் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறாராம். தோட்டத்திலிருந்து பதினைந்து பெண்களை அழைத்துப்போன ஒரு நாள் துஷாந்தினியும் போனாள். கூட வந்த யசோதினி என்ற இளம்பெண் தவிட்டுப் பூச்சியைத் தொட்டுப் பார்த்து, “இதுவா அக்கா நம்மளக் கடிக்கிற சனியன்? பாவம்போல இருக்கே” என்றாள். மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, கிருஷ்ணராஜ் பெண்களை ஏழாம் நம்பர் மலையில் இறங்கச் சொன்னார். துஷாந்தினி மலையோரத்தில் குனிந்து செடிக்கு அடியில் பார்த்தாள். எழுந்து, கூடையைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

“ஐயா, இதுல எறங்க முடியாது. மருந்து இன்னும் இருக்கு.”

“அடிச்சு அஞ்சு நாளாச்சு துஷாந்தினி.”

“ஏழு நாள்.”

“மழை பேஞ்சு கழுவிருச்சு. வீணா நேரத்தப் போக்காதீங்க.”

அவள் மலையில் இறங்கவில்லை. கூடைக்குப் பக்கத்திலேயே நின்றாள். ராசம்மா கூடையை இறக்கினார். அடுத்து யசோதினி. ஒவ்வொருவராக இறக்கினார்கள். சிலர் தயங்கினார்கள், ஒருத்தி இன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும் என்று முணுமுணுத்தாள், ஆனாலும் கடைசியில் இறக்கினாள். கிருஷ்ணராஜ் ரோட்டுக்கு நடந்து போய்ப் போனில் தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசினார். கால் மணி நேரம் போலப் பேசினார். திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல், “சரி, நாலாம் நம்பருக்குப் போங்க” என்றார். மறுநாள் ஏழாம் நம்பர் கல்லுக்கு மேலே ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதன் பிறகு மருந்தடித்தால் துணி கட்டுகிறார்கள். சில தடவை மறந்துவிடுகிறார்கள். அப்போது பெண்கள் ஓரத்தில் நிற்கிறார்கள்.

கூடைகளை இறக்கிய அந்த நாளில் நாலாம் நம்பரில் கொழுந்து குறைவு. துஷாந்தினி லயத்துக்கு வரும்போது களைத்திருந்தாள். கஜேந்திரன் முந்தி வந்து சோறு வடித்து வைத்திருந்தார். அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். குரலில் பெருமை ஒன்றும் இல்லை. கால் வலிக்கிறது என்பதையும் நடுவில் சொன்னாள்.

“எத்தன பேரு நின்னீங்க?” என்று கேட்டார்.

“பதினேழு.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான்.”

அவர் எழுந்துபோய் அவளுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். தட்டில் சோற்றைப் போட்டு, கீரைக்கறியை ஒதுக்கி வைத்து, அவள் மடிமேல் கொடுத்தார். தனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.